நினைவின் கடன்

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை உலகம் அறியும். அவருக்குச் சற்று முன்னால் அதே ஒலிபெருக்கியில் பேசியவரை அறிந்தவர்கள் குறைவு. அவர் பெயர் யோவாகிம் பிரின்ஸ். நியூவார்க் நகரின் ரபி, அதாவது யூத மதகுரு. அமெரிக்க யூதப் பேரவையின் தலைவர். அதற்கும் முன்னால் பெர்லினில் ரபியாக இருந்தவர். நாஜி ஆட்சியைத் தொழுகைக் கூடத்திலிருந்தே எதிர்த்துப் பேசினார்; பலமுறை கைதானார்; 1937இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். கறுப்பின மக்களின் உரிமைப் பேரணிக்குக் கூடியிருந்த இரண்டரை லட்சம் பேர் முன்னால் அவர் சொன்னதன் சாரம் இது: பெர்லினில் வாழ்ந்த நாட்களில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வெறுப்பும் மதவெறியும் கொடியவைதான். ஆனால் அவற்றைவிட அவசரமான, வெட்கப்பட வேண்டிய சிக்கல் மௌனம். ஒரு பெரிய தேசம் கைகட்டி வேடிக்கை பார்க்கும் தேசமாக மாறியதைக் கண்ணால் கண்டேன். அமெரிக்கா அப்படி ஆகிவிடக் கூடாது.

இந்தப் பேச்சின் திசைதான் என்னை நிறுத்துகிறது. தன் மக்களுக்கு நேர்ந்த பேரழிவைப் பற்றிப் பேச அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அது முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் அவர் தனக்காக எதையும் கேட்கவில்லை. இன்னொரு மக்களின் வழக்கில் தன் துயரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

அந்தப் பேரணியை அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டு நடத்தியவர் பேயார்ட் ரஸ்டின். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். பேரணிக்கு இரண்டு வாரம் முன்பு ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் அவருடைய பழைய கைது விவரத்தைச் செனட் சபையில் எடுத்துவைத்து அவரை அசிங்கப்படுத்த முயன்றார். மூத்த தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் ரஸ்டினைக் கைவிடவில்லை. பேரணி நடந்தது. ஆக, அன்று அந்த மேடையில் இரண்டு விடுதலைகள் நின்றிருந்தன. ஒன்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மற்றொன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அமெரிக்க யூதச் சமூகம் முதலாவதற்காகத் தெருவில் இறங்கியதையும், இரண்டாவதற்காகத் தன் வீட்டுக்குள்ளேயே வாதாட வேண்டியிருந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் வரலாறு முழுமையாகப் புரிகிறது.

*

துன்பப்பட்டவர்கள் இயல்பாகவே நீதியின் பக்கம் நிற்பார்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. வரலாறு அதை உறுதி செய்யவில்லை. 1861 ஜனவரியில், உள்நாட்டுப் போருக்குச் சில மாதங்கள் முன்பு, நியூயார்க்கின் புகழ்பெற்ற ரபி மோரிஸ் ரஃபால், அடிமைமுறைக்கு வேதத்தில் அனுமதி உண்டு என்று பிரசங்கம் செய்தார். தெற்கு மாநிலங்களில் அது உற்சாகமாக வரவேற்கப்பட்டது. அடிமைமுறை வழக்கிலிருந்த பால்டிமோர் நகரில் இருந்துகொண்டே டேவிட் ஐன்ஹார்ன் என்ற ரபி அதை மறுத்து எழுதினார். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர் ஒருவர் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்குவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்த ஏப்ரலில் நகரில் கலவரம் மூண்டபோது உயிருக்கு ஆபத்து வந்து, அவர் குடும்பத்துடன் ஃபிலடெல்ஃபியாவுக்குத் தப்ப நேர்ந்தது.

இருவர் கையிலும் இருந்தது ஒரே நூல். இருவரும் ஆண்டுதோறும் பஸ்காப் பண்டிகையில் எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொன்னவர்கள். ஒருவர் அந்தக் கதையைத் தம் மக்களின் பழம்பெருமையாக வைத்துக்கொண்டார். மற்றவர் அதைத் தீர்க்க வேண்டிய கடனாகக் கண்டார். அந்நியரை ஒடுக்காதே, நீயும் அந்நியனாக இருந்தவன் என்ற கட்டளை யூத வேதமான தோராவில் 36 இடங்களில் வருவதாக, அதற்கு விளக்கமாக எழுந்த தால்முத்தின் அறிஞர்கள் கணக்கிட்டார்கள். 46 என்போரும் உண்டு. ஒரு கட்டளையை இத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், மனிதர்கள் அதை எவ்வளவு எளிதில் மறப்பார்கள் என்பது சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நினைவு தானாக அறமாவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் உழைத்து அதை அறமாக்க வேண்டியிருக்கிறது.

யூதர்கள் செலுத்திய அந்த உழைப்பின் பெரும்பகுதி புகைப்படங்களில் சிக்காதது. 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக என்ஏஏசிபி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஹென்றி மாஸ்கோவிட்ஸ் ஒருவர். ஸ்பிங்கார்ன் சகோதரர்கள் பல பத்தாண்டுகள் அதை வழிநடத்தியவர்களில் அடங்குவர். சியர்ஸ் நிறுவனத்தின் செல்வத்தைக் கொண்டு ஜூலியஸ் ரோசன்வால்ட், தெற்கின் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழத் துணைநின்றார். அதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு: உள்ளூர்க் கறுப்பின மக்களும் பணமாகவோ உழைப்பாகவோ தங்கள் பங்கைத் தர வேண்டும். வறுமையில் இருந்த அவர்கள் நிலம் தந்தார்கள், மரம் தந்தார்கள், கையுழைப்பைத் தந்தார்கள். அந்தப் பள்ளிகள் அவர்களுடையவை. அலபாமாவில் அப்படியொரு பள்ளியில் படித்த விவசாயக் குடும்பத்துச் சிறுவன்தான் ஜான் லூயிஸ். இந்தப் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

வாஷிங்டனில் யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் யூதர்கள் நடத்திய சமயச் செயல் மையத்தின் கூட்ட அறையில்தான் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்கும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்குமான வரைவுகளின் பகுதிகள் எழுதப்பட்டன. ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடும். ஒரு சட்டப்பிரிவில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று நள்ளிரவுவரை வாதாடுகிறவர்கள் இல்லாமல் ஊர்வலத்தின் கோரிக்கை உரிமையாக மாறுவதில்லை.

*

1964 ஜூன் மாதம் இந்த வரலாற்றின் கனத்த மாதம். ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டத்துக்கு வரும்படி, மாநாட்டில் கூடியிருந்த ரிஃபார்ம் ரபிகளுக்குக் கிங் அழைப்பு அனுப்பினார். ஜூன் 18 அன்று 16 ரபிகளும் அவர்களுடன் வந்த நிர்வாகி ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள். அன்றிரவு சிறை நடையின் ஒற்றை விளக்கொளியில், ஏன் வந்தோம் என்று விளக்கிக் கூட்டாக ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் வீரம் பேசவில்லை. பல முறை மௌனமாக இருந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பாவில் புகை எழும்பியபோது பார்த்துக்கொண்டு நின்ற முகமற்ற லட்சக்கணக்கானோரை நினைவுகூர்ந்தார்கள். அவர்களைப் போல ஆகிவிடக் கூடாது என்பதற்காக வந்ததாகச் சொன்னார்கள்.

மூன்றே நாட்களில், ஜூன் 21 அன்று, மிஸிஸிப்பியில் கறுப்பின மக்களின் வாக்காளர் பதிவுப் பணியில் இருந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் சேனி உள்ளூர்க் கறுப்பினத்தவர், வயது 21. ஆண்ட்ரூ குட்மனும் மைக்கேல் ஷ்வெர்னரும் நியூயார்க்கிலிருந்து வந்த யூதர்கள். வயது 20, 24. ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியில் அவர்களின் உடல்கள் கிடைத்தன. கொலைச்சதியை முன்னின்று நடத்தியவனுக்குத் தண்டனை கிடைக்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மூவரின் பெயரை யூத–கறுப்பின ஒற்றுமையின் சின்னமாகச் சொல்வது வழக்கம். சொல்லத்தான் வேண்டும். கூடவே ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா, கணவரைத் தேடிக்கொண்டிருந்த நாட்களிலேயே நிருபர்களிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும்: காணாமல் போனவர் சேனி மட்டும் என்றால் நாடு இதைக் கவனித்திருக்காது. அவர் சொன்னது உண்மை. தேடுதல் நடந்தபோதே அந்த மாநிலத்தில் வேறு கறுப்பின இளைஞர்களின் உடல்களும் ஆற்றில் கிடைத்தன. அவர்களுக்காகத் தலைப்புச் செய்திகள் எழுதப்படவில்லை. துக்கத்தின் நடுவிலும் தன் கணவரின் உயிருக்குக் கிடைத்த கூடுதல் விலையைக் கண்டித்த அந்த இளம்பெண்ணின் நேர்மையை, தோழமைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த இலக்கணமாகக் கொள்வேன்.

அடுத்த ஆண்டு மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில், வாக்குரிமை ஊர்வலத்தில் சென்ற ஜான் லூயிஸின் மண்டையைக் காவலர்கள் பிளந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 அன்று, அதே பாலத்தைக் கடந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் வெண்தாடியுடன் நடந்தார் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல். வார்ஸாவில் பிறந்து, ஜெர்மானியப் படையெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு போலந்திலிருந்து வெளியேறியவர். தாயையும் சகோதரிகளையும் போரிலும் இன அழிப்பிலும் பறிகொடுத்தவர். தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர். அன்று என் கால்கள் பிரார்த்தனை செய்ததாக உணர்ந்தேன் என்று பின்னர் சொன்னார். படிப்பறையில் தீர்க்கதரிசிகளோடு வாழ்ந்த ஒருவர், அவர்கள் கேட்டுக்கொண்டபடியே தெருவுக்கு வந்தார்.

இவையெல்லாம் ஒட்டுமொத்தச் சமூகத்தின் சரித்திரம் என்று சொல்வது பொய்யாகும். தெற்கில் வாழ்ந்த யூதர்கள் பலர் அஞ்சி ஒதுங்கினார்கள். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அட்லாண்டாவில் ரபி ஜேக்கப் ராத்ஸ்சைல்ட் இனப் பிரிவினைக்கு எதிராகத் தொடர்ந்து பேசிவந்தார். 1958 அக்டோபரில் அவருடைய தொழுகைக் கூடம் வெடிவைத்துச் சேதப்படுத்தப்பட்டது. 1968 முதல், நியூயார்க் பள்ளிகளின் நிர்வாகம் குறித்த மோதல் உள்படப் பலவற்றில், பழைய கூட்டாளிகள் எதிரெதிரே நின்றார்கள். ஹெஷலின் படத்தைச் சுவரில் மாட்டிவைப்பது எளிது. அவர் நடந்த தொலைவை ஒவ்வொருவரும் மீண்டும் நடக்க வேண்டியிருந்தது.

*

சிவில் உரிமைப் போராட்டத்தையும் தன்பாலினத்தவரின் திருமணச் சமத்துவத்தையும் இணைக்கும் கண்ணி 1967ஆம் ஆண்டில் இருக்கிறது. ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர், மில்ட்ரட் கறுப்பினத்தவர். 1958இல் வாஷிங்டனில் மணந்துகொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பியவர்களை நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தார்கள். 25 ஆண்டுகள் மாநிலத்துக்குள் சேர்ந்து வரக் கூடாது என்றது நீதிமன்றம். கடவுள் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று காரணமும் எழுதினார் நீதிபதி. அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்ற பெர்னார்ட் கோஹனும் ஃபிலிப் ஹர்ஷ்காப்பும் புரூக்ளினில் பிறந்த இளம் யூத வழக்கறிஞர்கள். 1967 ஜூன் 12 அன்று ஒருமித்த தீர்ப்பு வந்தது. 16 மாநிலங்களில் இருந்த கலப்புமணத் தடைச் சட்டங்கள் செல்லாதவையாயின.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மாற்று மதத்தவரை மணப்பதை யூதச் சமூகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. ரிஃபார்ம் ரபிகளின் மாநாடே 1909இலும் 1973இலும் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஆனால் அரசு அப்படித் தடைபோட வேண்டும் என்று அவர்கள் கேட்டதில்லை. எந்தத் திருமணத்தை என் மரபு ஆசீர்வதிக்கும் என்பது ஒரு கேள்வி. எந்தத் திருமணத்தை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. பெரும்பான்மை மதத்தின் நம்பிக்கை சட்டமாக எழுதப்பட்ட நாடுகளில் நூற்றாண்டுகள் அடிபட்டு வாழ்ந்த சிறுபான்மைக்கு இந்த வேறுபாடு அனுபவத்தால் தெரிந்திருந்தது. திருமணச் சமத்துவத்தின் வாதம் முழுவதும் பின்னாளில் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது.

ஆனாலும் தன்பாலீர்ப்பாளர் விஷயத்தில் அடுத்தவருக்காக நின்றால் மட்டும் போதவில்லை. இங்கே உரிமை கேட்டவர்கள் சொந்தப் பிள்ளைகள். தன்பாலுறவுக்கு வேதத்தின் லேவியராகம நூல் விதித்த தடை மரபின் நடுவிலேயே இருந்தது. தாங்கள் யார் என்பதை மறைக்காமல் வணங்க இடமில்லாதவர்கள் 1972இல் லாஸ் ஏஞ்சலஸிலும் 1973இல் நியூயார்க்கிலும் தங்களுக்கெனத் தொழுகைச் சபைகளைத் தொடங்கினார்கள். இதற்கு முன்பே, 1965இல், ரிஃபார்ம் பிரிவின் மகளிர் கூட்டமைப்பு தன்பாலுறவைக் குற்றமாகக் கருதும் சட்டங்களை நீக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ரபிகளுக்கு முன்னால் பெண்கள் பேசினார்கள் என்பதைப் பதிவு செய்வது அவசியம்.

1996இல் ரிஃபார்ம் ரபிகள் தன்பாலினத்தவரின் அரசுப் பதிவுத் திருமண உரிமையை ஆதரித்தார்கள். மதச் சடங்கை நடத்துவது பற்றி முடிவெடுக்க இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2000 மார்ச்சில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கூடிய மாநாடு, சடங்கை நடத்தும் ரபியையும் நடத்த மறுக்கும் ரபியையும் ஒருசேர மதிப்பதாகத் தீர்மானித்தது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்த நகரம் அதுதான்.

கன்சர்வேடிவ் பிரிவின் பாதை இதைவிடக் கடினமானது. சமயச் சட்டத்தை மீற முடியாதது என்று கருதுபவர்கள் அவர்கள். 2006 டிசம்பரில் அவர்களுடைய சட்டக்குழு ஒரே நாளில் நேரெதிரான விடைகளை அங்கீகரித்தது. ஒன்று பழைய தடையை உறுதிசெய்தது. மற்றொன்று, மனித கண்ணியம் காக்கப்பட ரபிகள் விதித்த தடைகளை விலக்கலாம் என்ற தால்முத் நெறியை எடுத்துக்கொண்டு, வேதத்தின் நேரடித் தடையைத் தொடாமலே, தன்பாலீர்ப்பாளர்கள் ரபியாகவும் இணையராகவும் வாழக் கதவைத் திறந்தது. குழுவினர் சிலர் பதவி விலகினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தடுமாற்றமாகத் தெரியலாம். தோற்ற தரப்பின் வாதத்தையும் அழிக்காமல் எழுதிவைக்கும் தால்முத் மரபில் வந்தவர்களுக்கு, உடைந்துபோகாமல் மாறுவதற்கான வழி இது. ஆர்த்தடாக்ஸ் பிரிவு இன்றும் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. ஆனால் 2010இல் அந்தப் பிரிவின் ரபிகள் பலரும், தங்களிடையே உள்ள தன்பாலீர்ப்பாளர்களை அவமதிக்காமல் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளும் சுலபமாக வந்தவை அல்ல.

*

நீதிமன்றங்களில் இந்தப் போராட்டத்துக்கு முகமாக அமைந்தவர் ஈடித் வின்சர். ஃபிலடெல்ஃபியாவின் யூதக் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர், ஐபிஎம்மில் கணினி நிரலாளர். அவருடைய இணையர் தீயா ஸ்பையர் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். நாஜிகள் வருவதற்கு முன் தப்பிய யூதக் குடும்பத்தின் மகள். இருவரும் சந்தித்தது 1963இல், பிரின்ஸ் மௌனத்தைப் பற்றிப் பேசிய அதே ஆண்டு. நிச்சயம் செய்துகொண்டது 1967இல், லவ்விங் தீர்ப்பின் ஆண்டு. மோதிரம் அணிந்தால் அலுவலகத்தில் யார் மாப்பிள்ளை என்று கேட்பார்கள் என்பதால் தீயா வைர உடையூசி ஒன்றைக் கொடுத்தார். தீயாவின் உடலைப் பக்கவாதம் போல மெல்ல முடக்கிய நரம்பு நோயோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் வாழ்ந்தார்கள். 2007இல் டொரண்டோவுக்குப் போய்ச் சட்டப்படி மணந்துகொண்டார்கள். 2009இல் தீயா இறந்தார். 1996இல் நிறைவேறிய திருமணப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமெரிக்க அரசுக்கு ஈடித் மனைவி அல்ல, அந்நியர். வாரிசுச் சொத்துக்கு 3,63,053 டாலர் வரி கட்டு என்றது.

அவருக்காக வாதாடிய ராபர்ட்டா கப்லான், இளவயதில் தன் பாலீர்ப்பைத் தாயிடம் சொல்லிக் கலங்கி நின்ற நாட்களில் ஆலோசனைக்குச் சென்றது உளவியலாளரான தீயாவிடம்தான். 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் வின்சர் வென்றார். அதற்கு முந்தைய நாள், ஜூன் 25, அதே உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் உயிர்நாடியான பிரிவைச் செயலிழக்கச் செய்தது. குட்மனும் ஷ்வெர்னரும் சேனியும் உயிர் கொடுத்த அந்த உரிமை பலவீனப்பட்ட மறுநாளே இன்னோர் உரிமை பிறந்தது. ஒன்றைக் கொண்டாடி மற்றொன்றை மறந்தவர்கள் பாதி வரலாற்றைத்தான் கொண்டாடினார்கள்.

இரண்டையும் மறக்காத ஒருவர் இருந்தார். செல்மாவில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ், 1996இல் நாடாளுமன்ற உறுப்பினராக அந்தத் திருமணச் சட்டத்தை எதிர்த்துப் பேசி எதிர்த்து வாக்களித்தார். அன்று அது செல்வாக்கற்ற நிலைப்பாடு; இரு கட்சியினரும் பெருவாரியாக அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். இனப் பாகுபாட்டை எதிர்த்து இவ்வளவு காலம் போராடிவிட்டு இந்தப் பாகுபாட்டை ஏற்க முடியாது என்பதே அவருடைய வாதம். ரோசன்வால்ட் பள்ளியின் மாணவர் யூதச் சமூகத்துக்கே அதன் கட்டளையை நினைவூட்டிய தருணமாக அதை நான் பார்க்கிறேன். தோழமையில் கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

2015 ஜூன் 26 அன்று நாடு முழுவதற்கும் திருமணச் சமத்துவம் வந்தது, உச்ச நீதிமன்றத்தின் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில். 1983இல் சட்ட மாணவராக இருந்தபோதே இதற்கான வாதத்தை ஆய்வேடாக எழுதி, பின் ஃப்ரீடம் டு மேரி இயக்கத்தைத் தொடங்கிய எவன் வுல்ஃப்சன் 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் பறித்த பிறகு, தீர்ப்பை மட்டும் நம்பக் கூடாது என்று நாடாளுமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தன்பாலினத் திருமணங்களைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. மறுபக்கம், இஸ்ரேலில் இன்றுவரை உள்நாட்டில் பதிவுத் திருமணம் கிடையாது. மணவுரிமை மத நீதிமன்றங்களின் கையில் இருக்கிறது. சிறுபான்மையாக இருந்தபோது கற்ற பாடத்தை ஆட்சி கையில் இருக்கும்போதும் காப்பது தனிச் சோதனை.

துயர நினைவு இல்லாத சமூகம் உலகில் இல்லை. அந்த நினைவை வைத்துச் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். எங்களைப் போல் யாரும் பட்டதில்லை என்று காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கலாம். பிரின்ஸும் செயின்ட் அகஸ்டின் ரபிகளும் ரீட்டா ஷ்வெர்னரும் அதைவிடக் கடினமான வழியைத் தேர்ந்தார்கள். நாம் பட்ட அவமானத்தை இன்று வேறொருவர் படுகிறார் என்றால், அவர் பக்கம் போய் நிற்பதுதான் நம் முன்னோர் பட்ட துன்பத்துக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த வேறொருவர் நம் வீட்டுக்குள்ளேயே, நம் பிள்ளையாகவோ உடன்பிறந்தவராகவோ இருந்தால், முதலில் அங்கே நிற்போம்.